ஒரு கோத்திரப் பெயரை வேதத்தில் தேடிப் படிப்பது எப்படி: நப்தலியை வைத்து ஒரு வழிகாட்டி

பிள்ளைகளுக்கான பெயர்ப் புத்தகத்தில் நப்தலி என்ற பெயருக்கு எதிரே பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: போராட்டம். யூதா என்றால் துதி, ஆசேர் என்றால் பாக்கியம். அவற்றோடு வைத்துப் பார்க்கிற பெற்றோர் நப்தலியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேதபாட வகுப்புகளிலும் இதுதான் நடக்கிறது. பன்னிரண்டு பெயர், எதிரே பன்னிரண்டு பொருள், மனப்பாடம் செய்தால் பரிசு. பாடம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

யாக்கோபின் பிள்ளைகள் வழிவந்த இஸ்ரவேலின் கோத்திரப் பெயர் எதுவும் ஒரு சொல்லில் அடங்காது என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு தாய் வாய்விட்டுச் சொன்ன வாக்கியமாக அது பிறக்கிறது. பிறகு கணக்கில் ஏறி, நிலமாகி, சண்டைக்குப் போய், ஒரு நாள் பறிபோய், பல நூற்றாண்டு கழித்து இன்னொருவர் வாயில் திரும்ப ஒலிக்கிறது. இத்தனையும் சேர்ந்ததுதான் அதன் பொருள். அதைத் தேடிப் படிக்கும் முறையை, தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஞாயிறு மத்தியானம் கூடுகிற பெண்களுக்கும் இளவட்டங்களுக்கும் சொல்லிக்கொடுப்பது போலவே இங்கே எழுதுகிறேன். நான் சரித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவள். ஆண்டும் ஊரும் இல்லாமல் எதையும் படிக்க எனக்கு வராது. அந்தப் பழக்கம் இந்த வேலைக்கு நன்றாகவே உதவுகிறது.

தேவையானவை கொஞ்சம்தான். வசன இணைப்புகள் போட்ட ஒரு வேதாகமம், ஒத்தவாக்கிய அகராதி, பின்பக்கத்தில் பன்னிரண்டு கோத்திரங்களின் நிலத்தைக் காட்டும் வரைபடம், ஒரு நோட்டு. கத்தோலிக்க வீடுகளில் பொது மொழிபெயர்ப்பு இருக்கும். அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'கோத்திரம்' என்று இருப்பது அதில் 'குலம்' என்று வரும். போனில் தேடுகிறவர்கள் 'நப்தலி கோத்திரம்' என்று மட்டும் தட்டினால் பாதி வசனங்கள் அகப்படாது. நப்தலி புத்திரர், நப்தலி நாடு, நப்தலியின் மலைத்தேசம் என்று பல வடிவில் வரும். அதனால் பெயரை மட்டும் தனியாகத் தேடுங்கள்.

முதலில் பெற்றவள் வாய்

எந்தக் கோத்திரமானாலும் ஆதியாகமம் 29:31-லிருந்து 30:24 வரை ஒரே மூச்சில், சத்தமாகப் படியுங்கள். உங்கள் பெயர் வரும் வசனத்தை மட்டும் பிடுங்கி எடுக்காதீர்கள். அந்தப் பகுதி முழுக்க யாக்கோபுக்கே வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கை இருவரின் கண்ணீர். லேயாளுக்குப் பிள்ளை உண்டு, புருஷன் மனம் இல்லை. ராகேலுக்குப் புருஷன் மனம் உண்டு, பிள்ளை இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அந்த நேரத்து மனநிலையைச் சொல்கிறது. ரூபன், சிமியோன், லேவி, யூதா என்று லேயாளுக்கு நாலு பிள்ளை ஆனபின்தான் ராகேல் தன் வேலைக்காரி பில்காளை யாக்கோபுக்குக் கொடுக்கிறாள். தாண் பிறக்கிறான். அடுத்தவன் நப்தலி, யாக்கோபின் ஆறாவது மகன்.

அவன் பிறந்தபோது ராகேல் சொன்னது 30:8-ல் இருக்கிறது: "நான் மகா போராட்டமாய் என் சகோதரியோடே போராடி மேற்கொண்டேன்." இந்த வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் முழுசாக எழுதுங்கள். 'மேற்கொண்டேன்' என்ற கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். பெயர்ப் புத்தகம் விடுவது அதைத்தான். ராகேல் போராட்டத்தைச் சொல்லி நிறுத்தவில்லை. ஜெயித்ததையும் சேர்த்தே சொல்கிறாள்.

இதே இடத்தில், பேசாதவர்கள் யார் என்றும் எழுதுங்கள். பிள்ளையைச் சுமந்து பெற்றவள் பில்காள். பெயரிட்டவள் ராகேல். பில்காள் என்ன நினைத்தாள் என்று வேதம் ஒரு வரியும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் பெண்கள் அதிகம் பேசும் இடம் இதுதான். பிள்ளையில்லாத வீட்டின் வேதனையும் அறிவார்கள், வேலைக்கு நிற்கிறவளின் மௌனமும் அறிவார்கள். அவர்களைப் பேச விடுங்கள், அவசரப்பட்டு அடுத்த வசனத்துக்குப் போகவேண்டாம்.

மூலச்சொல்லைப் பார்ப்பது

எபிரெயம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இணைச்சொற்களைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ராகேலின் வாக்கியம் எபிரெயத்தில் 'நஃப்தூலே எலோஹீம் நிஃப்தல்தி' என்று ஓடுகிறது. எலோஹீம் என்பது தேவனைக் குறிக்கும் சொல். நேரே சொன்னால் 'தேவனுடைய போராட்டங்கள்'. மிகப் பெரியதைக் குறிக்கவும் எபிரெயத்தில் அப்படிச் சொல்வதுண்டு என்பதால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'மகா போராட்டம்' என்றார்கள். அக்காளோடு நடந்த போட்டியா, தேவனிடத்தில் மன்றாடிய மன்றாட்டா, இரண்டும் கலந்ததா என்று கேட்க அந்தச் சொல் இடம் தருகிறது. நான் இரண்டும் கலந்தது என்றே படிக்கிறேன். அந்த வேதனையில் அவள் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

அந்தப் பெயரின் வேர் முறுக்குதல் என்ற பொருள் கொண்டது. அதே வேரிலிருந்து வந்த 'பதீல்' என்ற சொல், எண்ணாகமம் 15:38-ல் வஸ்திரத் தொங்கலில் கட்டும் இளநீல நாடாவுக்கும், நியாயாதிபதிகள் 16:9-ல் சிம்சோன் அறுத்தெறிந்த கட்டை ஒப்பிடும் சணல்நூலுக்கும் வருகிறது. ஆகவே இந்தப் போராட்டத்தை வாளெடுத்துச் செய்யும் சண்டையாக எண்ணவேண்டாம். ஒருவரோடொருவர் முறுக்கிப் பின்னிப் பிடித்துக்கொள்ளும் மல்யுத்தம் இது. ஒரே வீட்டில் வாழும் அக்காளும் தங்கையும் விலகிக்கொள்ள முடியாமல் பிணைந்து கிடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். ஆதியாகமம் 32:24-ல் யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியுமட்டும் ஒரு புருஷனோடு போராடுகிறான். தமிழில் இரண்டு இடத்திலும் 'போராடி'தான். இதை வைத்து 'பாருங்கள், அதே வார்த்தை!' என்று பிரசங்கம் கட்டிவிடுகிறார்கள். எபிரெயத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். கருத்தால் இணைத்துப் பேசலாம், அது அழகாகவே இருக்கும். சொல்லால் இணைக்கக் கூடாது. தமிழ்ச் சொல் ஒன்றாக இருப்பதை வைத்து மூலத்தில் உறவு கொண்டாடுவது, கோத்திரப் பெயர் படிப்பில் அடிக்கடி நடக்கும் தவறு.

கணக்கில் ஏறும்போது

அடுத்து எண்ணாகமம். 'வெறும் எண்கள்' என்று சொல்லித் தாண்டாதீர்கள். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த அதிகாரங்கள் புரிவது போல வேறு ஊராருக்குப் புரியுமா என்பது சந்தேகம்.

நகரத்தார் யாரையாவது புதிதாகச் சந்தித்தால் கொஞ்ச நேரத்தில் 'எந்தக் கோயில்?' என்ற கேள்வி வந்துவிடும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில். இளையாத்தங்குடிக்குள் இன்னும் ஏழு பிரிவு. கல்யாணம் ஆனால் அந்தக் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும், புதுத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறவேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருமுறை எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து, எண்ணாகமம் முதல் அதிகாரத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு, "இது புள்ளிக் கணக்குல்ல!" என்றார்கள். அதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது. கணக்கில் இருப்பவன்தான் உரிமைக்காரன், கடமைக்காரன். இஸ்ரவேலில் ஒருவன் இன்ன கோத்திரம், இன்ன வம்சம், இன்ன பிதாவின் வீடு என்று சொல்ல முடிவது அதைப் போன்றது.

ஆனால் ஒரு இடத்தில் இரண்டும் நேர் எதிர், அதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே கோயில்காரர் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். எண்ணாகமம் 36-ல், ஆண்பிள்ளை இல்லாத தகப்பனின் நிலத்தைப் பெற்ற செலொப்பியாத்தின் குமாரத்திகளுக்குச் சொன்னதோ, தங்கள் பிதாவின் கோத்திரத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்பது. காரணம் நிலம். பெண் வேறு கோத்திரத்துக்குப் போனால் அவள் சுதந்தரமும், அதாவது பங்காக வந்த நிலமும், கூடவே போய்விடும். கோத்திரம் என்பது இரத்த உறவு மட்டுமில்லை, ஒரு துண்டு நிலத்தோடு கட்டிய உறவு என்று இந்த அதிகாரம் காட்டிவிடுகிறது.

'பன்னிரண்டு' எப்படிப் பன்னிரண்டாகவே நிற்கிறது என்ற கேள்வியும் இங்கே எழும். லேவி இந்தக் கணக்கில் சேர்வதில்லை. யோசேப்பின் பிள்ளைகள் எப்பிராயீமையும் மனாசேயையும் யாக்கோபு ஆதியாகமம் 48:5-ல் தன் சொந்தப் பிள்ளைகளாக எடுத்துக்கொள்கிறான். பிள்ளை கூட்டுதல் என்றால் நம் பக்கத்தில் விளக்கவே வேண்டாம்.

இப்போது எண்களை எழுதுங்கள். எண்ணாகமம் 1:43-ல் நப்தலி 53,400 பேர். வனாந்தர வாழ்க்கை முடியும் வேளையில் 26:50-ல் 45,400. எட்டாயிரம் குறைந்திருக்கிறது. உங்கள் கோத்திரம் கூடியதா குறைந்ததா என்று இப்படி இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வனாந்தரத்தில் கோத்திரங்கள் கூடாரமிட்டுத் தங்கிய பாளயத்தைக் காட்ட நான் படம் வரைவதில்லை. எங்கள் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. நடுவில் ஒரு கல்லை, தேவனை ஆராதிக்கும் ஆசரிப்புக் கூடாரம் என்று வைத்து, சுற்றிலும் பெயர் எழுதிய சீட்டுகளை வைக்கச் சொல்வேன். கிழக்கே யூதா, இசக்கார், செபுலோன். தெற்கே ரூபன், சிமியோன், காத். மேற்கே எப்பிராயீம், மனாசே, பென்யமீன். வடக்கே தாண், ஆசேர், நப்தலி. வாசல் எந்தத் திசை பார்த்தது என்று கேட்டு, வீட்டு வாசலைக் கிழக்காக வைத்துத் தொடங்கினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். தாணுடைய கொடியின் கீழ் மொத்தம் 1,57,600 பேர், அவர்கள்தான் கடைசியாகப் புறப்படுகிறவர்கள். அதிலும் கடைசிப் பெயர் நப்தலி.

கடைசி என்பதற்கு என்ன அர்த்தம் என்று அறிய எண்ணாகமம் 7-ஐப் படிக்க வேண்டும். 89 வசனம் கொண்ட நீண்ட அதிகாரம், பலரும் பாதியில் விட்டுவிடுகிற அதிகாரம். பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு பிரபுக்கள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். முதல் நாள் யூதாவின் நகசோன். பன்னிரண்டாம் நாள் நப்தலியின் பிரபு, ஏனானின் குமாரன் அகீரா. அவன் கொண்டுவந்ததும் அதே 130 சேக்கல் வெள்ளித் தாலம், அதே 70 சேக்கல் வெள்ளிக் கலம். 'முன்சொன்னபடியே' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். வேதம் அப்படி முடிக்கவில்லை. முதல் நாளுக்கு எழுதியதைப் பன்னிரண்டாம் நாளுக்கும் ஒரு பொருள் குறையாமல் முழுக்க எழுதியிருக்கிறது. வேலைக்காரி பெற்ற பிள்ளையின் கோத்திரம், வரிசையில் கடைசி, ஆனால் அதன் காணிக்கை சுருக்கி எழுதப்படவில்லை. இதை நான் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துபோகிறது.

இரண்டு ஆசீர்வாதம்

ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடதுபுறம் யாக்கோபு சாகும் முன் சொன்னது, ஆதியாகமம் 49. வலதுபுறம் மோசே சாகும் முன் சொன்னது, உபாகமம் 33.

யாக்கோபு சொல்கிறான்: "நப்தலி விடுதலைபெற்ற பெண்மான், இன்பமான வசனங்களை வசனிப்பான்." பெயர் வைத்தவள் முறுக்கிப் பிடித்த பிடியைச் சொன்னாள். தகப்பனோ பிடி விட்டு ஓடுகிற மானைச் சொல்கிறான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும், இங்கே ஒரு அகராதிச் சொல் ஒன்றுமே செய்ய முடியாது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இந்த வசனத்தில் மானுக்குப் பதிலாகக் கிளைவிட்ட மரத்தைப் பார்க்கிறது. அதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள், குழம்ப வேண்டியதில்லை.

மோசே சொல்வது தயவினால் திருப்தி, ஆசீர்வாதத்தினால் நிறைவு, பிறகு மேற்கையும் தெற்கையும் சுதந்தரித்துக்கொள் என்ற கட்டளை. வரைபடத்தைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் விழிப்பார்கள். நப்தலியின் நிலம் வடகோடியில் அல்லவா? எபிரெயத்தில் 'யாம்' என்ற சொல்லுக்கு மேற்கு என்றும் பொருள், கடல் என்றும் பொருள். கடல் என்று எடுத்தால் கின்னரேத் கடல், அதாவது கலிலேயாக் கடல் கண்முன் வந்துவிடும். அது நப்தலியின் தென்பகுதியில்தான் கிடக்கிறது.

நிலத்தில் இறங்குங்கள்

யோசுவா 19:32-39. ஆறாவது சீட்டு நப்தலிக்கு விழுந்தது. பத்தொன்பது பட்டணம். தெற்கே செபுலோன், மேற்கே ஆசேர், கிழக்கே யோர்தான். பட்டணங்களின் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்யவேண்டாம். கின்னரேத், ஆத்சோர், கேதேஸ் இந்த மூன்றையும் வரைபடத்தில் தேடி வட்டம் போட்டால் போதும்.

கலிலேயாவின் உயர்ந்த மலையான மேரோன் 1,208 மீட்டர். கலிலேயாக் கடலின் நீர்மட்டமோ கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே. இத்தனை உயரமும் இத்தனை பள்ளமும் ஒரே கோத்திரத்தின் பங்கில். மேலே மழை, கீழே நன்னீர் ஏரி, மீன். வானம் பார்த்த பூமியில் கண்மாய்த் தண்ணீரை நம்பி வளர்ந்த எனக்கு, 'ஆசீர்வாதத்தினாலே நிறைந்திருப்பான்' என்ற மோசேயின் சொல் இந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் கனத்தது.

ஆத்சோர் சாதாரண ஊர் இல்லை. யோசுவா 11:10 அதை அந்த ராஜ்யங்களுக்கெல்லாம் தலைமையான பட்டணம் என்கிறது. இகாயேல் யாதின் 1955 முதல் 1958 வரை அங்கே பெரிய அகழாய்வு நடத்தினார். 2005-ல் மெகிதோ, பெயெர்செபா இவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கேதேஸ் அடைக்கலப் பட்டணம், கைப்பிசகாய்க் கொன்றவன் ஓடி ஒதுங்கும் இடம். யோசுவா 20:7 பாருங்கள். நிலத்தைப் பற்றி எழுதும்போது குறையையும் எழுத வேண்டும். நப்தலி பெத்ஷிமேஸ், பெதானாத் குடிகளைத் துரத்தவில்லை என்று நியாயாதிபதிகள் 1:33 ஒளிக்காமல் சொல்கிறது.

மனிதர்களைத் தேடுங்கள்

ஒவ்வொரு கோத்திரத்துக்கும் இரண்டு மூன்று ஆட்களைப் பிடியுங்கள். நப்தலிக்கு முதல் ஆள் கேதேசைச் சேர்ந்த பாராக். தீர்க்கதரிசியான தெபொராள் போருக்கு அழைத்ததும், நீ வந்தால் வருவேன் என்று தயங்கினவன்தான், ஆனால் நப்தலியிலும் செபுலோனிலும் பதினாயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு தாபோர் மலைக்குப் போனான். நியாயாதிபதிகள் 5 அந்த வெற்றியின் பாட்டு. வராமல் வீட்டில் இருந்த கோத்திரங்களைப் பெயர் சொல்லிக் கேட்கிறது அந்தப் பாட்டு. உயிரை எண்ணாமல் நின்றவர்கள் என்று 18-ஆம் வசனத்தில் பெயர் பெறுகிறவர்கள் செபுலோனும் நப்தலியும். 'இன்பமான வசனம்' என்று யாக்கோபு சொன்னதைச் சிலர் இந்தப் பாட்டோடு இணைக்கிறார்கள். பாட்டில் பாராக்கும் சேர்ந்து பாடியதாக 5:1 சொல்வதால் அது பொருந்தத்தான் செய்கிறது.

இரண்டாவது ஆள் தேவாலயத்துக்கு வெண்கல வேலை செய்த ஈராம். 1 இராஜாக்கள் 7:14 அவனை நப்தலி கோத்திரத்தாளான ஒரு கைம்பெண்ணின் மகன் என்கிறது, தகப்பன் தீருவைச் சேர்ந்தவன். யாகீன், போவாஸ் என்ற பதினெட்டு முழ உயரத் தூண்கள் அவன் கைவேலை. 2 நாளாகமம் 2:14-ல் அவன் தாய் தாண் குமாரத்திகளில் ஒருத்தி என்று இருக்கிறது. இப்படி இரண்டு வசனம் ஒத்துப்போகாமல் நின்றால் ஒன்றை மறைக்காதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். பிறந்தது ஒரு கோத்திரம், வாழ்க்கைப்பட்டது ஒரு கோத்திரம் என்று சிலர் விளக்குவார்கள். எப்படியானாலும் இரண்டும் பில்காளின் பிள்ளைகள். வாய்பேசாத அந்தத் தாயின் வம்சத்துப் பெண் ஒருத்தியின் மகன் கையால் தேவாலயத்தின் வாசல் தூண்கள் நின்றன என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதே இல்லை.

கத்தோலிக்க வேதாகமம் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது ஆளும் உண்டு. தோபித்து நூலின் நாயகர் நப்தலி குலத்தார், நினிவேக்குச் சிறைப்பட்டுப் போனவர். அந்த நூல் தங்கள் வேதாகமத்தில் இல்லாதவர்களும், ஊரை இழந்த ஒரு கோத்திரத்தான் அன்னிய மண்ணில் எப்படி நினைக்கப்பட்டான் என்று அறிய வாசிக்கலாம்.

பறிபோனதைத் தாண்டாதீர்கள்

பெயர்ப் பொருள் சொல்லும் புத்தகங்கள் எதுவும் 2 இராஜாக்கள் 15:29-க்கு வருவதில்லை. நீங்கள் வரவேண்டும். அசீரிய ராஜா திகிலாத்பிலேசர், சரித்திரப் புத்தகங்களில் மூன்றாம் திக்லத் பிலேசர், கி.மு. 745 முதல் 727 வரை ஆண்டவன். கி.மு. 733-732-ல் அவன் வடக்கேயிருந்து இறங்கினான். வடகோடியில் இருந்தவர்கள்மேல் அடி முதலில் விழுந்தது. கேதேஸ், ஆத்சோர், கலிலேயா, 'நப்தலி தேசம் முழுவதும்' என்று வசனம் அடுக்குகிறது. ஜனங்களைச் சிறையாகக் கொண்டுபோனான். வடநாட்டு இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்தது இதற்குப் பத்தாண்டு கழித்து. ஆத்சோரைத் தோண்டியவர்கள் அந்த அழிவின் அடுக்கைச் சாம்பலோடு கண்டார்கள். நீங்கள் வட்டம் போட்ட ஊர்களில் இரண்டு இந்த ஒரே வசனத்தில் போகிறது. நோட்டில் அந்த இரண்டு வட்டத்தின்மேலும் குறுக்கே ஒரு கோடு போடச் சொல்வேன்.

பள்ளத்தூர்ப் பக்கத்துத் தம்பதி ஒருவர், மகனுக்கு இந்தப் பெயரை வைக்கலாமா என்று கேட்டு வந்தபோது, அவர்களையும் இந்த வசனம் வரைக்கும் படிக்கச் சொன்னேன். அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. "அடுத்து ஏசாயா 9 எடு, தாயி" என்றேன்.

நப்தலி விழுந்த அதே தலைமுறையில் எருசலேமில் இருந்தவர் ஏசாயா. 9:1-ல் செபுலோன் நாடும் நப்தலி நாடும் ஈனப்படுத்தப்பட்டதை முதலில் ஒத்துக்கொள்கிறார், பிற்காலத்தில் அதே தேசம் மகிமைப்படும் என்கிறார். அடுத்த வசனம் நம் கிறிஸ்துமஸ் ஆராதனைகளில் எல்லாரும் கேட்டது: "இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்." அது எந்த இருள், எந்த ஜனங்கள் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. முதலில் விழுந்தவர்களுக்கு முதலில் வெளிச்சம். வரிசையில் கடைசியாக நின்றவர்கள், அடியில் முதலாவதாக நின்றவர்கள், வெளிச்சத்திலும் முதலாவதாக நிற்கிறார்கள்.

இனி மத்தேயு 4:13. இயேசு நாசரேத்தை விட்டு, செபுலோன் நப்தலி எல்லைகளில் கடற்கரையோரம் இருக்கிற கப்பர்நகூமில் வந்து வாசம்பண்ணினார். கப்பர்நகூம் என்ற ஊர் பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. அந்த ஊருக்கு ஒரு பழம் பெயரைச் சேர்த்துச் சொல்ல மத்தேயு விரும்புகிறார், உடனே ஏசாயாவை எடுத்துக் காட்டுகிறார். கோத்திரம் சிதறி எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் நிலம் அந்தப் பெயரை வைத்திருந்தது. மனந்திரும்புங்கள் என்ற பிரசங்கம் அடுத்த வசனங்களில் அங்கேதான் தொடங்குகிறது. 'இன்பமான வசனங்களை வசனிப்பான்' என்ற யாக்கோபின் வரியை இந்த இடத்தில் திரும்ப வாசித்துப் பார்க்கச் சொல்வேன். அதைத் தீர்க்கதரிசன நிறைவு என்று மத்தேயு சொல்லவில்லை, அதனால் நானும் அப்படி அடித்துச் சொல்வதில்லை. ஆனால் மலைப்பிரசங்கம் ஒலித்தது கலிலேயாவில் என்பது யாரும் மறுக்க முடியாத செய்தி.

மீதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எசேக்கியேல் 48 புதிய பங்கீட்டில் நப்தலிக்கு நிலமும், 34-ஆம் வசனத்தில் நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு வாசலும் தருகிறது. வெளிப்படுத்தல் 7-ல் முத்திரையிடப்பட்ட கோத்திரங்களில் இவர்களும் பன்னீராயிரம். அண்ணன் தாணின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்று வேதம் சொல்லாததை நாமாக இட்டுக்கட்ட வேண்டாம்.

செய்யக்கூடாத ஒன்று

கோத்திரத்தை ராசியாக்காதீர்கள். 'நப்தலி குணக்காரர் இப்படிப் பேசுவார்கள், இசக்கார் குணக்காரர் இப்படி உழைப்பார்கள்' என்று ஜனங்களைப் பங்குபோடுவதும், பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கக் கற்களில் இன்ன கல் இன்ன கோத்திரத்துக்கு என்று சொல்லி மோதிரம் விற்பதும் நடக்கிறது. யாத்திராகமம் 28 பன்னிரண்டு கற்களில் பன்னிரண்டு பெயர் வெட்டியிருந்ததாகச் சொல்கிறது. எந்தக் கல்லில் எந்தப் பெயர் என்று சொல்லவில்லை. அதைத் தெரிந்ததுபோல் பேசுகிறவர்களிடம் வசனம் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நோட்டில் அரைப் பக்கத்துக்கு, உங்கள் சொந்த வார்த்தையில், இந்தப் பெயர் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் வாசித்து, வசனம் இல்லாத வரியை அடிக்கோடிட வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு கோத்திரத்துக்கு ஒரு மாதம் கொடுக்கிறோம், அவசரப்படுத்துவதில்லை.

அடுத்து எதை எடுப்பது என்று கேட்பார்கள். செபுலோனை எடுங்கள். நப்தலியோடு சேர்ந்தே போன வசனங்கள் பல இருப்பதால் பாதி வேலை முடிந்திருக்கும். பிறகு ஆசேர், லூக்கா 2-ல் அன்னாள் வரை நூல் அறாமல் வரும். யூதாவையும் லேவியையும் கடைசிக்கு வையுங்கள், வசனங்கள் ஏராளம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் திணறிவிடுவார்கள். பென்யமீனுக்கு மட்டும் முதல் பக்கம் வேறு மாதிரி. ஆதியாகமம் 35:18-ல் சாகும் தாய் இட்ட பெனொனி என்ற பெயரும், தகப்பன் மாற்றிய பென்யமீன் என்ற பெயரும் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.